சங்கத்துக்குப் பதிவுப் பெட்டி வேண்டுமா?
(அங்கத்தினர் கல்விப் பாடம்)

கூட்டுறவுச் சங்கம் அங்கத்தினரின் நம்பிக்கையால் நிற்பது. அந்நம்பிக்கையோ கணக்கால் நிற்பது. எடை போடுவதும், சீட்டு எழுதுவதும், இருப்புப் பார்ப்பதும் நால்வர் கண்முன் நடைபெற வேண்டும் என்பது நம் இயக்கத்தின் பழைய விதி. இக்காலத்தில் அந்த நால்வரோடு ஐந்தாவது கண் ஒன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. சுவரில் பொருத்தும் கண்காணிப்பு கேமராவும், அது கண்டதை எழுதி வைக்கும் பெட்டியுமே அது. கடைக்காரர் இதனை டி.வி.ஆர். என்பர். இப்பாடத்தில் நாம் பதிவுப் பெட்டி என்றே வழங்குவோம்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் நாம் ஆய்வுக்குச் செல்லும் சங்கங்கள் பலவற்றில் இன்று இவ்வினா எழுகின்றது: “பக்கத்துச் சங்கத்தில் வைத்துவிட்டார்கள், நாமும் வாங்கலாமா?” பக்கத்துச் சங்கம் வாங்கியது என்பது வாங்குவதற்குக் காரணம் ஆகாது. வாங்குவதற்குமுன் சங்கம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் சில உள. அவற்றை ஒவ்வொன்றாக ஈண்டு ஆராய்வோம்.

1. பெட்டி செய்யும் வேலை

கேமரா பார்க்கும், பெட்டி எழுதும். பெட்டிக்குள் ஹார்டு டிஸ்க் எனப்படும் வட்டு ஒன்று உண்டு. கேமரா அனுப்பும் படம் இரவும் பகலும் அவ்வட்டில் ஏறிக்கொண்டே இருக்கும். வட்டு நிறைந்தவுடன் பெட்டி நின்றுவிடுவதில்லை. மிகப் பழைய நாளின் பதிவை அழித்து, அதன்மேல் இன்றைய பதிவை எழுதும். பள்ளிப் பிள்ளையின் சிலேட்டை ஒத்தது இது. முற்காலத்தில் ஒளிநாடாவில் பதிவு செய்தபோது, நாடா முடிந்தால் ஒருவர் எழுந்து வந்து மாற்ற வேண்டியிருந்தது. அழிப்பது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. இன்றைய பெட்டி ஒருவருக்கும் தெரியாமலே அழிக்கிறது. இந்த ஒரு செய்தியை அங்கத்தினர் மனத்தில் நன்கு பதித்துக்கொள்ளல் வேண்டும். இப்பாடத்தின் பெரும்பகுதி இதனையே பற்றியது.

பெட்டிகளில் இரு வகை உண்டு. ஒன்று, தடித்த கம்பியின் வழியே படத்தைப் பெறும் டி.வி.ஆர். மற்றொன்று, கணினி வலைக் கம்பியின் வழியே படத்தைப் பெறும் என்.வி.ஆர். வலைக் கம்பி ஒரே ஓட்டமாக 100 மீட்டருக்கு மேல் செல்லலாகாது. அலுவலகத்திலிருந்து கிடங்கு தொலைவில் இருப்பின் இதனை முதலிலேயே எண்ணிப் பார்த்தல் நலம்.

2. எந்த வினாவுக்கு விடை தேடுகிறோம்?

“பாதுகாப்புக்கு” என்று பொதுவாகச் சொல்லுதல் போதாது. எவரும் இல்லாத இரவில் கிடங்குப் பூட்டு உடைபடுவது ஒரு வினா. நூல் வழங்கும்போது எடை குறைந்ததா என்பது மற்றொன்று. நகைக்கடன் அறையை எவர், எப்பொழுது திறந்தார் என்பது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் கேமரா வைக்கும் இடம் வேறு. காக்க வேண்டிய காலமும் வேறு.

திருட்டைத் தடுக்குமா என்பார்க்கு, உலகின் பல நாடுகளில் 40 ஆண்டுகளாக நடைபெற்ற ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளிவந்த ஆராய்ச்சி விடை கூறுகிறது. கேமரா வைத்த இடங்களில் குற்றம் ஏறத்தாழ 13 விழுக்காடு குறைந்ததாக அது கண்டது. வண்டி நிறுத்துமிடங்களில் பயன் மிகுதி. அடிதடி போன்ற வன்முறைகளில் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. ஆள் ஒருவர் அமர்ந்து பார்த்துவந்த இடங்களில் பயன் கூடியது. ஆகவே பயன் உண்டு. ஆயினும் அது அளவான பயனே. பூட்டுக்கும், இரவுக் காவலருக்கும், காப்பீட்டுக்கும் மாற்றாக இப்பெட்டியைக் கொள்ளுதல் கூடாது.

எடைபற்றிய வினாவுக்கு விடை வேண்டுமாயின், அறை முழுதும் தெரியுமாறு மூலையில் மாட்டிய கேமரா உதவாது. தராசின் எண்பலகையும், மூட்டையும், எழுதுபவர் கையும் ஒரே படத்தில் விழவேண்டும். வாங்குமுன் கடைக்காரரை அழைத்து, அதே இடத்தில், அதே விளக்கொளியில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். தராசில் 47.350 என்று இருப்பது திரையில் 47.350 என்றே படிக்க வருகிறதா என்று பாருங்கள். படிக்க வராவிடில் அக்கேமரா எடைக்குச் சாட்சி ஆகாது.

3. எத்தனை நாள் காக்க வேண்டும்?

கடைக்காரர், “ஒரு மாதம் நிற்கும்” என்பார். ஒரு மாதம் எவருக்குப் போதும் என்று நாம் கேட்க வேண்டும். குறை கூற வரும் அங்கத்தினர் எத்தனை நாள் கழித்து வருவார் என்பதே இங்கு அளவுகோல்.

நெசவாளரை எடுத்துக்கொள்வோம். அவர் சங்கத்தில் பாவும் ஊடை நூலும் பெற்றுச் செல்கிறார். பாவு தறியேறி, துணி அறுத்துச் சங்கத்தில் ஒப்படைத்து, நூல் கணக்குத் தீர்க்கும்போதுதான் “கொடுத்த நூலே குறைவு” என்ற ஐயம் எழும். அதற்குள் சில வாரங்கள் சென்றுவிடும். கரும்பு விவசாயி மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவு ஆலைகளுக்கு வெட்டி அனுப்பிய கரும்பின் எடையை, பணம் கைக்கு வரும் நாளில்தான் தம் குறிப்போடு ஒத்துப் பார்க்கிறார்.

கல்வராயன் மலைமேல் வாழும் அங்கத்தினர் நிலை இன்னும் கடினம். சாமையோ, கடுக்காயோ, தேனோ கொணர்ந்து போட்டுவிட்டு மலையேறியவர், அடுத்து இறங்கி வரும் நாள் அவர் கையில் இல்லை. மழையும், பேருந்தும், அறுவடையும் அதனைத் தீர்மானிக்கின்றன. ஊரில் நாலுபேரிடம் சொல்லி, எடை குறைவு என்று உணர்ந்து, அடுத்த முறை வந்து கேட்கும்போது ஒன்றரை மாதம் ஆகியிருக்கலாம். பதினோரு நாள் மட்டுமே நினைவு வைத்திருக்கும் பெட்டி, சங்க வாயிலில் குடியிருப்பவருக்குச் சாட்சி சொல்லும்; மலையிலிருந்து நடந்து வந்தவருக்கு ஊமையாகிவிடும். ஒரே சங்கத்தின் பணத்தில் வாங்கிய பெட்டி ஒருவருக்குப் பயன்பட்டு மற்றவருக்குப் பயன்படாமற்போவது கூட்டுறவு நெறிக்கு ஒவ்வாது. ஆதலின் நாள் கணக்கை மிகத் தொலைவிலுள்ள அங்கத்தினரைக் கொண்டே அளத்தல் வேண்டும்.

சில வினாக்களுக்குப் பெட்டி எட்டவே எட்டாது. நகைக்கடனில் ஈடு வைத்த நகையை ஓராண்டு கழித்து மீட்கும்போது, “கல் ஒன்று குறைகிறது” என்று ஐயுற்றால், ஓராண்டுக்குமுன் பதிந்தது பெட்டியில் இராது. அங்கத்தினர் முன்னிலையில் எடையிட்டு, நகையின் அடையாளங்களை முழுமையாக எழுதி, கையொப்பம் பெற்று, பையில் முத்திரையிட்டு, இரட்டைச் சாவியில் வைப்பதே அதற்கு மருந்து.

4. ஒரு கணக்கு

வட்டின் அளவை ஊகித்து வாங்குதல் கூடாது, கணக்கிட்டு வாங்கலாம். கணக்கு எளியது.

ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் அளவில் படம் அனுப்புகிறது என்று கொள்வோம். 8 பிட் சேர்ந்தது 1 பைட் ஆகையால், அது விநாடிக்கு 0.25 மெகாபைட் ஆகும். ஒரு நாளைக்கு 86,400 விநாடி. எனவே ஒரு கேமராவுக்கு ஒரு நாளைக்கு 21,600 மெகாபைட், அதாவது 21.6 ஜிகாபைட் இடம் வேண்டும். நான்கு கேமராவுக்கு 86.4 ஜிகாபைட்.

1 டெராபைட் வட்டு என்பது 1,000 ஜிகாபைட். அதனை 86.4ஆல் வகுத்தால் 11 நாளே வரும். 45 நாள் காக்க வேண்டுமாயின் 3,888 ஜிகாபைட், அதாவது 4 டெராபைட் வட்டு தேவை. 60 நாளாயின் 5,184 ஜிகாபைட். அதற்கு 6 டெராபைட் வேண்டும்.

எச்.265 என்னும் புதிய சுருக்க முறையில் எழுதும் பெட்டி, பழைய எச்.264 முறையினும் ஏறத்தாழப் பாதி இடமே கொள்ளும். அம்முறையில் 60 நாளைக்கு ஏறக்குறைய 2,600 ஜிகாபைட் போதும். 4 டெராபைட் வட்டு தாராளமாகத் தாங்கும். கேமராவும் பெட்டியும் ஆகிய இரண்டும் அம்முறைக்கு ஏற்றவையா என்று கேட்டு வாங்குக. அசைவு நேரும்போது மட்டும் பதியும் வசதியும் உண்டு. ஆளில்லாத இரவில் அது இடத்தை மிச்சப்படுத்தும். எடை போடும் நேரத்திலோ இடைவிடாப் பதிவே நம்பத்தக்கது.

வட்டிலும் வகை உண்டு. கணினியில் இடும் சாதாரண வட்டு இரவும் பகலும் எழுதுவதற்கென அமைந்ததன்று. கண்காணிப்புப் பதிவுக்கென்றே செய்யப்பட்ட வட்டை விலைப்பட்டியலில் பெயர் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

5. பெட்டி இருந்தும் பதிவு இல்லாமற்போன செய்தி

பெட்டியும் வட்டும் இருந்துவிட்டால் போதும் என்று எண்ணுவார்க்கு, தமிழகம் அறிந்த துயர நிகழ்ச்சி ஒன்றை நினைவூட்ட வேண்டியுள்ளது. 2020ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் வணிகர் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சில நாளில் இருவரும் உயிரிழந்தனர். உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர், அந்நிலையத்தில் கேமராவும், 1 டெராபைட் இடமுள்ள வட்டும் இருக்கக் கண்டார். ஆயினும் அன்றன்றைய பதிவு அன்றன்றே தானாக அழியுமாறு பெட்டி அமைக்கப்பட்டிருந்தது என்றும், வேண்டிய நாளின் பதிவு கிடைக்கவில்லை என்றும் அவர் அறிக்கையில் தெரிவித்தார்.

இடம் இருந்தது, பெட்டி ஓடியது, வேண்டிய நாள் மட்டும் இல்லை. அவ்வாண்டு டிசம்பர் 2ஆம் நாள் உச்சநீதிமன்றம் வேறொரு வழக்கில், நாட்டின் காவல் நிலையங்களிலெல்லாம் 18 மாதப் பதிவைக் காக்கவல்ல கருவிகள் வேண்டுமென்றும், அவை சந்தையில் கிடையாவிடில் எவ்வாற்றானும் ஓராண்டுக்குக் குறையலாகாது என்றும் ஆணையிட்டது. நம் சங்கத்தின் எடைத் தகராறு அதனோடு ஒப்பிடத்தக்கதன்று. ஆனால் பெட்டியின் இயல்பு எங்கும் ஒன்றே. எத்தனை நாள் காக்குமாறு அமைத்திருக்கிறது என்பதை அமைத்தவர் சொல்லக் கேட்டு விட்டுவிடாமல், நாமே திறந்து பார்த்தறிதல் வேண்டும்.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. 45 நாள் காக்கும் என்று சொல்லி வாங்கினால், பொருத்திய 46ஆம் நாள் பெட்டியைத் திறந்து, முதல் நாட்குப் பின் வந்த நாளின் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் எஞ்சிய தொகையைக் கொடுங்கள். பணத்தின் ஒரு பகுதியை அச்சோதனை முடியும்வரை நிறுத்தி வைக்கும் நிபந்தனையை முன்னரே எழுத்தில் பெறுக.

6. செலவுக் கணக்கு

பெட்டியின் விலையே செலவு என்று எண்ணுதல் பிழை. கேமரா, வட்டு, கம்பி, பொருத்துக்கூலி, மின்தடைக்கு மின்கலம், ஆண்டுப் பராமரிப்பு, மின் கட்டணம் ஆகிய யாவும் செலவே.

எடுத்துக்காட்டாக, யாவும் சேர்ந்து ரூ.40,000 ஆகிறது என்றும், 5 ஆண்டு உழைக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். தேய்மானம் ஆண்டுக்கு ரூ.8,000. பெட்டியும் நான்கு கேமராவும் சேர்ந்து 40 வாட் கொண்டால் நாளைக்கு ஏறத்தாழ 1 யூனிட். ஆண்டுக்கு 350 யூனிட். யூனிட் ரூ.8 என்று கொண்டால் ரூ.2,800. பராமரிப்பு ரூ.4,000. ஆக, ஆண்டுக்கு ரூ.14,800. அங்கத்தினர் 600 பேர் எனின் தலைக்கு ஏறக்குறைய ரூ.25.

இத்தொகை பெரிதா சிறிதா என்பது அதே பணம் வேறு எதனைச் செய்யும் என்பதைப் பொறுத்தது. தராசின் முத்திரைக் காலம் கடந்திருந்தால் முதற்செலவு தராசுக்கு. சோதனை எடைக்கல் இல்லாவிடில் அதற்கு. அங்கத்தினருக்கு எடைச்சீட்டு தராத சங்கம் முதலில் சீட்டுப் புத்தகம் அச்சிடட்டும். முத்திரையற்ற தராசைக் கேமரா படம் பிடித்தால், தவறான எடையின் தெளிவான படம் கிடைக்கும், அவ்வளவே. இவை யாவும் சீராக இருந்து, அதன்மேலும் கிடங்கில் பொருள் மதிப்பு மிகுந்திருக்குமாயின் பெட்டி வாங்குதல் தகும்.

மலைப்பகுதிச் சங்கங்கள் மின்தடையைக் கணக்கில் கொள்ளல் வேண்டும். 40 வாட் கொள்ளும் அமைப்பு 10 மணி நேரம் ஓட 400 வாட்-மணி மின்சாரம் மின்கலத்திலிருந்து கிடைக்க வேண்டும். மின்கலம் இன்றி வாங்கிய பெட்டி, விளக்கணைந்த இரவில், அதாவது தேவைப்படும் இரவில், உறங்கிவிடும்.

7. திறவுகோல் எவரிடம்?

பணப்பெட்டிக்கு இரட்டைச் சாவி வைக்கும் நாம், பதிவுப் பெட்டியின் கடவுச்சொல்லைக் கடைக்காரர் தந்தபடியே விட்டுவிடுதல் வியப்புக்குரியது. 2016இல் ‘மிராய்’ என்னும் தீய நிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் உலகெங்கும் பல்லாயிரக்கணக்கில் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் அவற்றைக் கருவியாகக் கொண்டு நடத்திய தாக்குதலால் அமெரிக்காவில் புகழ்பெற்ற இணையத்தளங்கள் பல மணிக்கணக்கில் முடங்கின. காவலுக்கு வைத்த பெட்டிகளே கொள்ளையர்க்குக் கருவியாயின.

ஆகவே முதல் நாளே கடவுச்சொல்லை மாற்றுக. புதியதை உறையிலிட்டு முத்திரையிட்டுப் பணப்பெட்டியில் வைக்குக. இணையத் தொடர்பு கட்டாயத் தேவையன்று. தேவையில்லாவிடில் கொடுக்க வேண்டா. பெட்டியைக் கிடங்கின் வாயிலில் வைத்தால் திருடர் அதனையும் தூக்கிச் செல்வர். பூட்டிய உள்ளறையில் வைக்க.

பெட்டியின் கடிகாரத்தையும் வாரந்தோறும் சரிபார்த்தல் வேண்டும். நாளும் மணியும் பிறழ்ந்த பதிவு சாட்சிக் கூண்டில் தடுமாறும்.

கேமரா இருப்பதை அறிவிப்புப் பலகையில் எழுதுக. பெண் தொழிலாளர் ஓய்வறை, குழந்தைக்குப் பாலூட்டும் இடம் முதலியவற்றை நோக்கி எக்கேமராவும் இருத்தல் ஆகாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்துள்ளது.

8. பதிவு சான்றாவது எப்படி?

பதிவு கண்ணில் தெரிந்தாலே வழக்கில் செல்லும் என்பதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளைப் பற்றியது. படியெடுத்த பதிவோடு, அதற்குரிய சான்றிதழும் வேண்டும். சான்றிதழில் பதிவை அளிப்பவர் நிரப்பும் பகுதி ஒன்று. வல்லுநர் நிரப்பும் பகுதி ஒன்று. முந்தைய சட்டத்தின் கீழும் இத்தகைய சான்றிதழ் இன்றியமையாதது என்று உச்சநீதிமன்றம் 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் வலியுறுத்தியது.

ஆதலால் முறையீடு வந்த அன்றே செயலாளர் செய்ய வேண்டியவை மூன்று. அந்நாளின் பதிவைத் தனியே படியெடுத்தல். எவர், எந்நாள், எம்மணிக்குப் படியெடுத்தார் என்று பதிவேட்டில் எழுதுதல். குறை கூறியவரையும் உடன் வைத்துக்கொண்டு முத்திரையிடுதல். “நாளைப் பார்க்கலாம்” என்பதற்குள் வட்டு சுழன்று அழித்துவிடும்.

9. முடிவுக்கு வரும் முறை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், வாங்கத்தக்க சங்கம் எது என்பது தெளியும். விடை வேண்டும் வினாவை எழுத்தில் சொல்லக்கூடியது; தொலைவிலுள்ள அங்கத்தினர் வரும் நாளை அளந்து வட்டைத் தேர்ந்தது; தராசும் சீட்டும் சாவியும் ஏற்கெனவே செம்மையாக உள்ளது; வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்க்க ஒருவரைப் பெயர் குறித்து நியமித்தது. இந்நான்கும் உள்ள சங்கம் தயங்காது வாங்கலாம். நான்கில் ஒன்று குறைந்தாலும், அக்குறையை முதலில் நீக்கிவிட்டு அடுத்த பேரவையில் இப்பொருளை எடுத்துக்கொள்ளலாம்.

வாங்குவதாயின் தீர்மானத்தில் இவை இடம்பெறுக: காக்கும் நாள், பொறுப்பாளர், கடவுச்சொல் வைக்குமிடம், முறையீட்டின்போது பதிவைப் பார்க்க அங்கத்தினருக்குள்ள உரிமை. கடைசியாகச் சொன்னதை எழுத மறவாதீர்கள். நிர்வாகம் அங்கத்தினரைப் பார்ப்பதற்கு மட்டும் அமைந்த கேமரா அச்சத்தை வளர்க்கும். அங்கத்தினரும் நிர்வாகத்தைப் பார்க்க உதவும் கேமராவே சங்கத்துக்கு உரியது. வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்த ஒருவர், “நான் போட்ட மூட்டையின் எடையைக் காட்டுங்கள்” என்று கேட்டு, அவருக்குக் காட்டப்படுமாயின், அன்று அப்பெட்டி தன் விலையை ஈட்டிவிட்டது எனலாம்.

கலந்துரையாடலுக்கு வினாக்கள்

1. நம் சங்கத்தில் சென்ற ஆண்டு வந்த முறையீடுகள் நிகழ்ச்சி நடந்து எத்தனை நாள் கழித்து வந்தன? பதிவேட்டைப் பார்த்துக் கூறுக.

2. மூன்று கேமரா, விநாடிக்கு 2 மெகாபிட், 40 நாள் எனின் வட்டின் அளவு எவ்வளவு வேண்டும்? (விடை: 2,592 ஜிகாபைட்.)

3. நம் தராசின் முத்திரை எந்நாள் வரை செல்லும்? எடைச்சீட்டு எல்லார்க்கும் தரப்படுகிறதா?

4. பெட்டி வாங்கினால் அதனைப் பார்த்துவரும் பொறுப்பை எவரிடம் ஒப்படைப்பீர்கள்? அவர் விடுப்பில் சென்றால் எவர் பார்ப்பார்?